மாமா பயந்த மலை

முருகனுக்கும் வேல்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று அம்மா கேட்டார். "மலை எங்க இருக்கோ அங்க அவரும் இருப்பார், அக்கா," என்றார் மாமா.

மாமா அம்மாவின் தம்பி. லண்டனுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. நோர்பரியில் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்துகொண்டு ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினார். மாமியும் கைக்குழந்தையும் யாழ்ப்பாணத்தில். ஏழு மாதமாகக் கடிதம் இல்லை. சண்டைக்குள் கதிர்காமத்து முருகனிடம் போக வழியில்லாததால், வேல்ஸில் கிடைத்த மலையில் வெறுங்காலுடன் ஏறித் தேங்காய் உடைப்பதாக நேர்த்தி வைத்தார். நேர்த்தி முடிந்தால் கடிதம் வந்துவிடும் என்று முழுதாக நம்பினார்.

எனக்கு ஒன்பது வயது. வழிப் பலகைகளை வாசித்துச் சொல்ல ஆள் வேண்டும் என்று, சிநேகிதரிடம் இரவல் வாங்கிய வான் வண்டியில் என்னையும் ஏற்றிக்கொண்டார். மலை என்றால் நோர்பரி மேட்டைப் போல ஒன்று என்று நினைத்து அம்மா இடியப்பம் கட்டித் தந்தார்.

அம்மாடி, என்ன மலை அது! மேகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றது. பாதி வழியில் பனி தொடங்கியது. பனி என்றால் கார்களுக்கு இடையில் கறுத்துக் கிடக்கும் சேறு என்றுதான் எனக்குத் தெரியும். இங்கே கண்ணெட்டும் தூரமெல்லாம் வெள்ளை. காற்று போட்ட சத்தத்தில் என் குரலே எனக்குக் கேட்கவில்லை. பயமாக இருந்தது, ஆனால் கண்ணை எடுக்க மனம் வரவில்லை.

உச்சிக்குக் கிட்ட மாமா சப்பாத்தைக் கழற்றினார்.

"மாமா, கால் விறைச்சிடும்!"

"சப்பாத்துத்தான் கூடாது. சொக்ஸ் போடலாம்."

முருகனோடு இப்படி ஓர் உடன்பாட்டுக்கு வந்து, மூன்று சோடி காலுறையும் காற்சட்டைக்கு மேல் வேட்டியுமாக, தேங்காயை அணைத்துக்கொண்டு நடந்தார்.

இறங்கி வந்த வெள்ளைக்காரர் ஒருவர் எங்களைப் பார்த்துத் திகைத்துப்போனார். மேலே காற்று ஆளைத் தூக்குகிறது, பிள்ளையோடு உடனே திரும்பிப் போங்கள் என்று ஆங்கிலத்தில் கத்தினார்.

"என்னவாம்?" என்றார் மாமா.

எனக்கோ உச்சியைப் பார்த்தே தீரவேண்டும். "இன்னும் கொஞ்சத் தூரமாம்," என்றேன்.

அந்தக் கொஞ்சத் தூரத்தில்தான் காற்று என்னை அப்படியே தூக்கிச் சரிவுப் பக்கம் எறிந்தது. மாமா தேங்காயைப் போட்டுவிட்டுப் பாய்ந்து என் ஜாக்கெட்டைப் பிடித்தார். தேங்காய் உருண்டு வெள்ளைக்குள் காணாமல் போயிற்று. உச்சியில் குவித்திருந்த கற்கள் தெரிந்தன. நூறு அடிகூட இருக்காது. மாமா அதை ஒருமுறை பார்த்தார். பிறகு என்னைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கத் தொடங்கினார். கிட்டத்தான், கிட்டத்தான் என்று கத்தி அவர் முதுகில் குத்தினேன்.

"காணும் பிள்ளை, இவ்வளவும் போதும். போவம்."

வீட்டுக்கு வந்தவர்களிடம் எல்லாம், மாமா பயந்திட்டார் என்று சொல்லிச் சிரித்தேன். "ஓம், நல்லாப் பயந்திட்டன்," என்று மாமாவும் சிரித்தார்.

கடிதம் அடுத்த தை மாதம்தான் வந்தது. நேர்த்தியைப் பாதியில் விட்டதால்தான் வரவில்லை என்று அதுவரை அவர் நினைத்து நினைத்து உருகியதை, பல வருடம் கழித்து மாமி சொல்லித்தான் அறிந்தேன். அந்த நாட்களில் தபால்காரர் போனதும் மாமா கதவடியிலிருந்து வெறுங்கையோடு திரும்பி வருவார். நான் ஒரு நாள் பாவம் பார்த்து அவருக்கு ஆறுதல் சொன்னேன்: "அடுத்த முறை பயப்பிடாதேங்கோ மாமா, நான் கூட வாறன்."