‘பெயர்’ என்ற தலைப்பின் கீழ்

கள்ளக்குறிச்சியில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் கணக்கெடுப்புத் தரவுகளைத் தொகுத்துக் கொடுப்பது என் வேலை. ஆர் என்கிற நிரல்மொழியில் எழுதுவேன். எழுதுவேன் என்பதைவிட அலட்டுவேன் என்பதுதான் சரி.

கல்வராயன் மலைக்கு நடமாடும் மருத்துவ வண்டி ஒன்று கிடைத்திருந்தது. அது எந்த ஊரில் நிற்க வேண்டும் என்பதுதான் கேள்வி. ஆஸ்பத்திரிக்குக் கர்ப்பிணிகள் நடக்கிற நேரம், காய்ச்சல்காரர்கள் நடக்கிற நேரம், சந்தைக்கு நடக்கிற நேரம் என்று வீடு வீடாகக் கேட்டு வந்தோம். ஊர்வாரியாகச் சராசரி எடுத்தால் ஒவ்வொன்றும் தன் தலைப்போடு தனி நெடுவரிசையாக வர வேண்டும். தலைப்பையெல்லாம் நான் கையால் அடிப்பதா? கேள்வியைக் கொடுத்தால் தலைப்பு தானாக விழுகிற மாதிரி எழுதினேன். தலைப்பை உள்ளே வைத்திருக்கும் டப்பா மாதிரியான மாறிக்குத் தமிழிலேயே ‘பெயர்’ என்று பெயர். அதில் பெருமை வேறு. மலையேறும் பஸ்ஸில் உட்கார்ந்து நிரலை ஓட்டிப் பார்த்தேன்; பிழை என்று எதுவும் காட்டவில்லை. மூடி வைத்துவிட்டேன்.

மலைமேல் கரியாலூரில் ஊர்க்காரர்களோடு கூட்டம்; வண்டியை ஒதுக்கும் அதிகாரியும் வந்திருந்தார். திரையில் அட்டவணை விரிந்தது. ஊர்களுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு நெடுவரிசை. மேலே ‘பெயர்’, கீழே முழுக்க எண்கள்.

“இன்னா சார், பேருன்னு போட்டுட்டு நம்பரா கீது? எங்க பேரெல்லாம் எங்க?” என்றார் கைக்குழந்தையோடு வந்திருந்த ஒரு பெண். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ‘பெயர்’ என்பதற்குள் இருப்பதை எடு என்று நான் சொல்லவே இல்லை. அது அந்தச் சொல்லையே தலைப்பாக்கிவிட்டது. ஒரே தலைப்பு என்பதால் ஒன்றை அழித்து ஒன்று ஏறி, கடைசியாக வந்த சந்தைக் கணக்கு மட்டும் மிஞ்சியிருந்தது.

இதெல்லாம் தெரியாத அதிகாரி கடைசி வரியைக் காட்டினார். “இந்த ஊருக்கு நடக்கிற நேரம் ரொம்பக் கம்மியா இருக்கே. இங்க வண்டி வேணாம்.”

அது அந்தப் பெண்ணின் ஊர். சந்தை அவர்களுக்குப் பக்கம். ஆஸ்பத்திரிக்குத்தான் மலையைச் சுற்ற வேண்டும். இடுப்பிலிருந்த குழந்தை அந்தப் பாதையிலேயே பிறந்தது. அவர் வீட்டில் உட்கார்ந்து நானே கேட்டுப் பதிந்தது அது.

அந்தப் பெண் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். எழுந்து, “நான்தான் தப்பா சொல்லிட்டேன் போலக்குதுங்க. வலியில நேரம் தெரியல. சாருக்கு செரமம் குடுத்துட்டேன்” என்றார்.

அடச்சீ என்று ஆகிவிட்டது எனக்கு. “ஐயோ யக்கா, தப்பு உங்களுது இல்ல, என்னுது” என்றேன். எல்லோர் எதிரிலும், உள்ளே இருப்பதை எடு என்று சொல்ல ‘பெயர்’ முன்னால் இரண்டு ஆச்சரியக்குறி போட்டு, சமக்குறியை := என்று மாற்றினேன். அவ்வளவுதான் வேலை. மூன்று நெடுவரிசைகளும் தத்தம் தலைப்போடு வந்தன. கர்ப்பிணிகள் கணக்கில் அவர் ஊர்தான் முதலில் இருந்தது. வண்டி அங்கேதான் என்று முடிவானது.

கூட்டம் கலைந்தது. வயரைச் சுருட்டிக்கொண்டிருந்த என்னிடம் வந்து, மெதுவாகக் கேட்டார்: “அப்போ நான் சொன்னது சரிதானுங்களா சார்?”

“சரிதான் யக்கா.”

“நெஜமாவா? எனக்காவ சொல்லலியே?”