அப்பா பார்க்க நினைத்த பினாங்கு

"அரிசிக்கே வழியக் காணோம், இவ ஊர் சுத்திப் பாக்கத் திட்டம் போடுறா. பள்ளிக்கூடம் போனா புத்தி வரும்பாங்க. இவளுக்கு இருந்ததும் போச்சு" என்றாள் அத்தை. அப்பாவின் தங்கை அவள். ரப்பர் தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீடான லயத்தில் பக்கத்து வீடு அவளுடையது. சொன்னது அம்மாவிடம்தான், ஆனால் எனக்குக் கேட்கும்படி.

 எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். தோட்டத்துப் பள்ளியை முடித்துச் சிரம்பானில் ஆங்கிலமும் படித்தவள். மலாயாவின் படத்தைப் பார்க்காமலே வரைவேன். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியின் மகனுக்குக்கூட அது வராது. அத்தைக்கு நான் விளக்கம் சொல்வதா?

உண்மையில் அது அப்பாவின் திட்டம். ஜப்பான்காரன் சயாமில் ரயில் பாதை போட ஆள் எடுத்தபோது, தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அப்பாவையும் கூப்பிட்டார். மூன்று மாத வேலை, முடிந்ததும் திரும்பிவிடலாம் என்றார். தூரத்து வேலை என்றால் எங்கள் ஆட்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான். அங்கேயும் ஒரு தோட்டம் இருக்கும், லயம் இருக்கும், கங்காணி இருப்பார். அதனால் லாரி ஏறிய எல்லோரும் பால் வெட்டும் கத்தியைத் தீட்டி, சாக்குத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டார்கள். ரயில் பாதைக்குக் கத்தி எதற்கு என்று அப்பாவிடம் கேட்டேன். "கெடக்கட்டும் தாயி, அது இல்லாம கை வெறுங்கையா இருக்கு" என்றார்.

கிளம்பும்முன் அவர் சொன்னார்: "நான் வந்ததும் நாலு ஊரு பாத்துட்டு வரலாம். எப்படிப் போறதுன்னு நீ யோசிச்சு வை. பினாங்கு மட்டும் விட்டுறாத."

சின்ன வயதில் கப்பலில் வந்தபோது அவரைப் பினாங்குக்கு எதிரே ஒரு தீவில் இறக்கி, மருந்துத் தண்ணீரில் குளிக்கவைத்து, நோய் இல்லை என்று தெரியும்வரை அடைத்து வைத்திருந்தார்கள். அங்கிருந்து நகரத்தின் விளக்குகள் தெரியுமாம். பிறகு நேராகத் தோட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அந்த விளக்குகளுக்குக் கீழே ஒருநாள் நடக்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை.

பால் வெட்டு நின்றுபோயிருந்தது. மரங்களுக்கு நடுவே மரவள்ளி நட்டோம், அதையே தின்றோம். சாயங்காலம் கிழங்கு சீவும்போது நானும் அம்மாவும் வழி போடுவோம். முதலில் போர்டிக்சன் கடற்கரை. பிறகு தம்பின் போய், அங்கிருந்து ரயிலில் மலாக்கா. வடக்கே திரும்பிக் கேமரன் மலை. கடைசியில் பிறை ஸ்டேஷனில் இறங்கி, கடல் தாண்டிப் பினாங்கு. அம்மாவுக்கு மலைமேல்தான் கண். குளிரில் கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும் என்பாள். அப்போது அவள் உடம்பில் இருந்தது சாக்கில் தைத்த துணி.

மலாக்காப் பாதையின் தண்டவாளத்தைப் பெயர்த்துச் சயாமுக்கு ஏற்றிப் போய்விட்டதாகச் சேதி வந்தது. சரி, மலாக்காவுக்கு பஸ்ஸில் போகலாம் என்று மாற்றினேன். அம்மா தலையாட்டினாள். மூன்று மாதம் எப்போதோ கடந்திருந்தது.

அப்பாவோடு லாரி ஏறியவர்களில் ஒருவர் மட்டும் திரும்பி வந்தார். எங்கள் லயத்துக்காரர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர். முழங்காலுக்குக் கீழே புண், உட்காரவும் முடியவில்லை. கத்திகளெல்லாம் மூங்கில் வெட்டியே மழுங்கிப்போயின என்றார். நடக்க முடியாத சிலரை வண்டியில் ஏற்றிக் கெடாவில் ஒரு கொட்டகையில் போட்டுவிட்டுப் போனார்களாம். அவர் அங்கே கிடந்து, கால் ஊன்ற முடிந்ததும் கிடைத்த லாரிகளில் வந்திருக்கிறார். அவரைச் சயாமில் வண்டி ஏற்றும்போது அப்பா காய்ச்சலில் படுத்திருந்தார். அடுத்த வண்டியில் ஏற்றினார்களா, தெரியாது.

அன்றைக்கே அத்தை அழத் தொடங்கிவிட்டாள். அவளுக்கு அவர் அண்ணன். அவளைக் குறை சொல்ல முடியாது. இரண்டு நாள் கழித்து அம்மாவிடம், "அண்ணி, அங்க காய்ச்சல்னு படுத்தா எந்திரிச்சவங்க உண்டா? செய்யவேண்டியதச் செஞ்சிருவோம். தாலிய இன்னும் கட்டிக்கிட்டிருந்தா நாலு பேரு பேசுவாங்க" என்றாள்.

அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"அந்தக் கெடா, பினாங்குக்கு இந்தாண்டையா, அந்தாண்டையா?"

"அந்தாண்டை. பிறை ஸ்டேஷன் தாண்டிப் போகணும்."

"அப்ப ரயிலு போகுதுல்ல."

போகிறது என்றேன். அவ்வளவுதான் பேசினோம். போர்டிக்சன், மலாக்கா, மலை எல்லாம் அதோடு விழுந்துபோயின. அத்தை சொன்னதே சரியாக இருக்கலாம் என்று எனக்கும் பட்டது. கொட்டகையில் கிடந்தவர்களைப் பற்றிப் பேசும்போது மாமா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஆனால் ஊகத்தை வைத்து அம்மாவின் தாலியைக் கழற்ற நான் விடமாட்டேன். போய்ப் பார்த்துவந்து சொல்ல எங்கள் லயத்தில் என்னை விட்டால் ஆள் இல்லை.

பயணப் பாஸ் வாங்கச் சிரம்பானில் ஜப்பான்காரன் அலுவலகத்துக்கு நடந்தேன். வாசலில் நின்ற சிப்பாய்க்கு இடுப்பு வளையக் கும்பிட்டேன். உள்ளே வரிசையில் நின்றேன். எதற்குப் பயணம் என்று அலுவலகத்தில் இருந்தவர் மலாயில் கேட்டார். அப்பாவைக் கூட்டிவர என்றேன். எனக்கும் அம்மாவுக்கும் கேட்டும் ஒருவருக்குத்தான் பாஸ் கொடுத்தார்கள். அம்மா அவித்த கிழங்கைக் கட்டிக் கொடுத்து, ஸ்டேஷன்வரை வந்தாள். அத்தையும் வந்தாள்.

வண்டி இப்போது ஈப்போவைத் தாண்டிவிட்டது. வலப்பக்கம் மலை, மழையில் பாதி மறைந்து நிற்கிறது. இடப்பக்கம் தூரத்தில் கடல் இருக்க வேண்டும். இங்கிருந்து தெரியவில்லை.