கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற டோலி

இதை யாரும் நம்ப வேண்டும் என்று நான் எழுதவில்லை. கல்லூரியில் வரலாறு நடத்துகிறவன் நான். இல்லாததை இருப்பதாகச் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. 1981 நவம்பரில், போடியில், பட்டப்பகலில் நடந்தது இது.

அந்த வருடம் ஆடியில் என் மனைவி செல்லத்தாய் இறந்துபோனாள். அவள் பிறந்த வீடு மேலே கேரளத்து மலையில், ஏலத்தோட்டத்தில். அம்மாவைப் பார்க்கப் போனவளுக்குக் காய்ச்சல் கண்டது. மழையில் ரோடு சரிந்து ஜீப் ஓடவில்லை. மூங்கில் கழியில் கம்பளியைத் தொட்டில்போலக் கட்டி, அதில் அவளைப் படுக்கவைத்து, குரங்கணிப் பாதையில் சுமந்து இறக்கினார்கள். அதை டோலி என்பார்கள். ஒற்றையடிப் பாதை என்பதால் நான் கடைசியில் நடந்தேன். கழியை முன்னால் சுமந்தவர் தவசி, தோட்டத்து ஆள்.

“தண்ணி வேணுமா ஆத்தா?” என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

“வேணாண்ணே” என்றாள்.

“குளுருதா?”

“இல்லண்ணே.”

நான் முகத்தைப் பார்க்கப் போனேன். “கம்பளிய வெலக்காதீக சாரு, ஈரக்காத்து ஆகாது” என்று தடுத்துவிட்டார். எல்லைச் செக்போஸ்ட்டைத் தாண்டிய பிறகு அவள் என்னிடம் கேட்டாள்.

“ஊரு வந்துருச்சா?”

“இன்னும் கொஞ்ச தூரம்தான்” என்றேன்.

ஆஸ்பத்திரி வாசலில் கம்பளியை விலக்கினார்கள். உயிர் இல்லை.

கடைசி வரை பேசிக்கொண்டே வந்தாள். எனக்கு மிஞ்சியது அது ஒன்றுதான். அதைப் பிடித்துக்கொண்டுதான் சாப்பிட்டேன், தூங்கினேன், வகுப்புக்குப் போனேன்.

நவம்பரில் மாநில எல்லை பிரிந்து இருபத்தைந்து வருடம். போடிக்காரர்களுக்கு வீடு கீழே, தோட்டம் மேலே. இரண்டும் ஒரே ஊராகத்தான் இருந்தன. ஐம்பத்தாறில் தோட்டம் கேரளத்துக்குப் போனது, வீடு இங்கே நின்றது. அந்தக் கதையைக் கண்காட்சியாக வைக்க ஊரில் சிலர் முடிவு செய்து என்னைப் பொறுப்பேற்கச் சொன்னார்கள். வீட்டில் இருப்பதற்கு இது தேவலை என்று ஒத்துக்கொண்டேன்.

காலியாகக் கிடந்த ஒரு ஏலக்காய்க் கிடங்கு கிடைத்தது. ஜன்னல் கிடையாது. தரையின் நடுவில் வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு போட்டேன். அதுதான் எல்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஊர்: தராசு, பழைய பஸ் டிக்கெட்டுகள், கல்யாணப் போட்டோக்கள். அந்தப் பக்கம் மலை: கவாத்துக் கத்தி, காய் உலர்த்தும் தட்டு, கூடை.

ஒரு டோலியும் வேண்டும் என்று தவசிக்குச் சொல்லி அனுப்பினேன். மறுநாளே கொண்டுவந்து போட்டார்.

“இத திருப்பித் தர வேணாம் சாரு.”

“டீ குடிச்சிட்டுப் போங்கண்ணே.”

“சோலி கெடக்கு.” திரும்பிப் பார்க்காமல் போனார்.

இரண்டு மரத்தாங்கிகள் செய்து, டோலியை மலைப் பக்கத்துக் கடைசிச் சுவரோரம் தொங்கவிட்டேன்.

மறுநாள் காலையில் கிடங்கைப் பெருக்கும் அன்னக்கொடி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“ஏஞ் சாரு, நான் கூட்டிப்போட்டு போனப்புறம் தொட்டில நகத்தி வெளாடுறீகளா?”

டோலி சுவரை விட்டு நாலடி தள்ளி நின்றது. தாங்கிகளோடு.

“நீ பெருக்கும்போது நகர்த்தியிருப்பே.”

“ஆமா, நான் பயில்வான் பாருங்க. ஒத்தையில தூக்கி வைக்க!”

இருவரும் பிடித்துப் பழைய இடத்தில் வைத்தோம். வெறும் கழியும் கம்பளியும்தான். ஆனால் எனக்கு மூச்சு வாங்கியது. அன்னக்கொடி கம்பளியைத் தொட்ட கையை முகர்ந்து பார்த்தாள்.

“ஈரமா இருக்கே சாரு.”

கிடங்கில் ஒரு சொட்டு ஒழுகல் இல்லை.

அடுத்த நாள் அது இன்னும் முன்னால் வந்திருந்தது. அதன் அடியில் தரையில் ஏதோ நெளிந்தது. குனிந்து பார்த்தேன். அட்டை. மலைக்காட்டு அட்டை. ரத்தம் குடித்து விரல் பருமனுக்கு உப்பியிருந்தது.

போடியில் அட்டை ஏது? யார் ரத்தம் அது?

அன்னக்கொடி உப்பைப் போட்டுக் கொன்றாள். அன்றிலிருந்து மலைப் பக்கம் பெருக்க மாட்டேன் என்றுவிட்டாள்.

நாலாம் நாள் காலையிலிருந்தே மழை. கண்காட்சி பார்க்க வந்த ஒன்றிரண்டு பேரும் கிளம்பிவிட்டார்கள். கிடங்கில் நான் மட்டும். மூன்று பத்துக்குக் கரண்ட் போனது.

காற்றில் கதவு சாத்திக்கொண்டது.

கும்மிருட்டு. தகரக் கூரையில் மழை. தீப்பெட்டியைத் தேடிச் சட்டைப் பையைத் தடவினேன்...

கிறீச்...

மூங்கில் கழி பாரத்தில் வளையும் சத்தம். ஆடி முழுக்க என் தூக்கத்தில் கேட்ட சத்தம்.

கிறீச்... கிறீச்...

நடை போடும் கதியில் வந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து. நனைந்த கம்பளி வாடை மூக்கில் ஏறியது.

பிறகு குரல்.

“வேணாண்ணே.”

யாரும் எதுவும் கேட்கவில்லை.

“இல்லண்ணே.”

அதே இரண்டு பதில்கள். அதே வரிசையில்.

அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். காதைப் பொத்திக்கொண்டேன்.

“ஊரு வந்துருச்சா?”

பொத்திய காதுக்குள் கேட்டது.

என் வாய்தான் பேசியது. நான் பேசவில்லை.

“இன்னும்... கொஞ்ச தூரம்தான்.”

சத்தம் நின்றது.

கரண்ட் வந்தது.

டோலி வெள்ளைக் கோட்டை முட்டிக்கொண்டு நின்றது. கம்பளி கீழே தொய்ந்திருந்தது. உள்ளே ஆள் படுத்திருப்பதுபோல.

மழையில் ஓடினேன். அன்று சந்தை நாள். தவசி போடியில்தான் இருந்தார். பஸ் நிலையத்து டீக்கடையில் பிடித்தேன். நான் சொன்னதைக் கேட்டு அவர் சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்தார்.

“அது அன்னைக்கு ஆத்தாவச் சுமந்த டோலிதான் சாரு. ஆடிக்கப்புறம் ஒருத்தரும் அதத் தொடல. கம்பளி காயவே மாட்டேங்குது.”

“ஏன் எங்கிட்ட சொல்லலே?”

பெஞ்சில் எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

“ஒண்ணு சொல்றேன், மனசத் திடப்படுத்திக்கங்க. பாதையில பெரிய பாறை ஒண்ணு இருக்கும்ல, அங்கனயே ஆத்தாவுக்கு மூச்சு நின்னுபோச்சு.”

“செக்போஸ்ட்டு அதுக்குக் கீழேல்ல இருக்கு?”

“ஆமா. பொணம்னு தெரிஞ்சா விடமாட்டாக. பேப்பரக் கொண்டா, ஆபீசரக் கூட்டியாம்பாக. நாளுக்கணக்குல அங்கனயே கெடக்கணும். அதுக்காண்டி வழியில செத்தா நாங்க சொல்றதில்ல. சீக்காளிகிட்டப் பேசுற மாதிரியே பேசிக்கிட்டு வருவோம். தண்ணி வேணுமா, குளுருதான்னு. காலங்காலமா அப்பிடித்தான்.”

“அவ பதில் சொன்னாளே...”

“நாங்கதான் கேட்டோம் சாரு. ஒருத்தரும் பதில் சொல்லல.”

தவசி என் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

“செக்போஸ்ட்டத் தாண்டுனதும் எறக்கி வச்சு, தலமாட்டத் திருப்பி, ‘ஊரு வந்துருச்சு ஆத்தா, எறங்கிக்கோ’ன்னு சொல்லணும். அப்பத்தான் உசுரு எறங்கும். அன்னைக்கு நீங்க பின்னாடியே நின்னீக. உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு எப்பிடிச் சொல்ல? சொல்லாமலே தூக்கிட்டோம்.” என் கையைப் பிடித்தார். “நீங்க ஏதும் பதில் சொன்னீகளா?”

“இன்னும் கொஞ்ச தூரம்தான்னு சொன்னேன்.”

அவர் கையை எடுத்துக்கொண்டார்.

“வெரசாப் போயி சொல்லிருங்க சாரு. ஊரு வந்துருச்சுன்னு. நீங்கதான் சொல்லணும்.”

கண்காட்சி முடிந்தது. டோலியை மாட்டுவண்டியில் ஏற்றி, போடிக்குப் பக்கத்துச் சிலமலையில் என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கூடத்தின் கோடியில் நிறுத்தினேன்.

இரண்டு வருடமாகிறது. மழை பெய்யும் நாளில் கேட்கிறாள். இரண்டே வார்த்தை. ‘ஊரு வந்துருச்சு’ என்று சொல்ல வாய் திறக்கிறேன். சொல்லிவிட்டால் அப்புறம் கேட்க மாட்டாள்.

“இன்னும் கொஞ்ச தூரம்தான் செல்லத்தாயி” என்கிறேன்.

கழி கிறீச்சிடுகிறது. விடிந்து பார்த்தால் ஓரடி நகர்ந்திருக்கிறது.

நேற்றிரவு மழை. காலையில் டோலி என் கட்டிலை ஒட்டி நின்றது.

கம்பளி எனக்கு விரித்துப் போட்டதுபோலக் கிடந்தது. காலியாக.