வாயடைத்த சர்வர்

எங்கள் ஸ்கேன் சென்டரில் அவருக்கு ரீஸ்டார்ட் அண்ணன் என்றுதான் பெயர். பிரிண்டர் முரண்டு பிடித்தாலும் சரி, ஸ்கிரீன் இருண்டுபோனாலும் சரி, "ஒருதடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாரும்மா" என்பார். பாதி நேரம் அதுவே போதும். மீதி நேரம் ஸ்க்ரூடிரைவரோடு வந்து மேசைக்கு அடியில் படுத்துக்கொள்வார். வயரிங் வேலைக்கென்று இரண்டு நாள் வந்தவர் பதினான்கு வருஷமாக இங்கேயே ஒட்டிக்கொண்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா இல்லாத வீட்டில் அவரை வளர்த்து ஆளாக்கியது அக்கா. இன்றைக்கும் அக்கா கட்டிக்கொடுக்கும் டப்பாவைத்தான் மதியம் திறப்பார். மூடியில் ஒட்டியிருப்பதைக்கூட விடமாட்டார்.

அவர் ஆஃப் பண்ணப் பயந்த ஒரே சாமான், என் கவுண்டருக்குப் பின்னால் உள்ள அறையில் இருந்த சர்வர் கம்ப்யூட்டர். வருகிறவர்களின் ஸ்கேன் படம் அத்தனையும் அதற்குள்தான். பத்து வயதைத் தாண்டிய பெட்டி. "இத அணைச்சா மறுபடி எந்திரிக்குமான்னு எனக்கே தெரியாதும்மா" என்பார்.

ஒருநாள் அது கீச் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. உள்ளே இருந்த டிஸ்குகளில் ஒன்று செத்துவிட்டதாம். மற்றவை சமாளிக்கும், இன்னொன்றும் போனால் எல்லாம் போச்சு என்றார். முதலாளியிடம் ஓடினார்.

"இப்ப ஓடுதா?"

"ஓடுது சார், ஆனா..."

"ஓடுதுல்ல? அப்புறம் என்ன, விடு."

அந்தச் சத்தத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தது நான். மூன்றாம் நாள் பொறுமை போய்விட்டது. "அண்ணே, ஒண்ணு அதச் சரி பண்ணுங்க, இல்ல அதோட வாய அடைங்க! ஃபோன்ல ஒரு வார்த்த காதுல விழல" என்று கத்தினேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டே பின்னறைக்குப் போனார். சத்தம் போடும் ஸ்பீக்கரின் ஒயரைப் பிடுங்கிவிட்டார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. அந்த அப்பாடாவை நினைத்தால் இன்றைக்கு என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

சத்தம் நின்றதும் அண்ணனைத் தவிர எல்லோரும் மறந்தோம். புது டிஸ்க் கேட்டு மாதாமாதம் முதலாளி அறைக்கு நடந்தவர், ஒரு கட்டத்தில் அலுத்துப்போய் விட்டுவிட்டார். நகல் வைக்கத் தனிப் பெட்டி கேட்டார், அதுவும் வரவில்லை. நகலையும் அதே சர்வருக்குள் போட்டுவைத்தார். பெட்டி போனால் அதுவும் போகும், அது நகலே இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

ஒன்றரை வருஷம் ஓடியது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவருடைய அக்கா ஸ்கேனுக்கு வந்தார். இரண்டு வருஷத்துக்கு முன் இங்கே எடுத்தபோது நுரையீரலில் சின்னதாக ஒரு புள்ளி தெரிந்திருந்தது. அடுத்த ஸ்கேனில் அது வளர்ந்திருந்தால் உடனே ஆபரேஷன், இல்லையென்றால் தொடவே வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். புதுப் படம் எடுத்தாயிற்று. ஒப்பிட்டுப் பார்க்க டாக்டர் பழைய படத்தைத் திறந்தார். ஸ்கிரீன் அப்படியே நின்றது. அண்ணன் பின்னறைக்கு ஓடினார். இரண்டாவது டிஸ்கும் போயிருந்தது.

வேறு வழியில்லாமல் ஆஃப் பண்ணி ஆன் பண்ணினார். அது எழுந்திருக்கவில்லை. தகவல் மீட்டுத் தருகிற ஆளைக் கூப்பிட்டார்; அவர் மதியம் வரை பார்த்துவிட்டுக் கையை விரித்தார். படம்தான் சர்வரில் இருக்கிறதே என்று அன்றைக்கு ஃபிலிம் வாங்கவில்லை. பழைய ரிப்போர்ட் தாளில் 'சிறு புள்ளி' என்று மட்டும் இருந்தது. அளவு இல்லை.

"மூணு மாசம் கழிச்சு இன்னொண்ணு எடுப்போம். அப்பத்தான் வளருதான்னு சொல்ல முடியும்" என்றார் டாக்டர்.

"அதுக்குள்ள வளர்ந்துட்டா?" என்று அக்கா கேட்டார். டாக்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

வெளியே பெஞ்சில் அக்கா தம்பியைப் பக்கத்தில் உட்காரவைத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"டேய், அன்னிக்கு அந்தப் படத்த நீயும் பார்த்தல்ல? எவ்ளோ பெருசு இருந்துச்சு? கொஞ்சம் ஞாபகப்படுத்திச் சொல்லுடா."

அவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒட்டினாற்போலத் தூக்கிக் காட்டினார். பிறகு கொஞ்சம் விலக்கினார். மறுபடி சேர்த்தார். அக்கா அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.