கொடி பிடித்து முன்னால் நடந்தவர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தப் பேய் பிசாசு சமாச்சாரத்தில் எனக்குத் துளிகூட நம்பிக்கை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவேன், ஜெபம் பண்ணுவேன், அதோடு சரி. மற்றபடி நான் நம்புவது ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ், லைசன்ஸ் இந்த மூன்றையும்தான். ஷார்ஜாவில் ஒரு கிடங்கில் பதினோரு வருஷம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவள். அங்கே தரையில் போட்ட கோட்டை ஒரு சாண் தாண்டினாலும் சீட்டு கிழிந்துவிடும். அப்படிப்பட்டவள் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் சிரித்துவிட்டுப் போங்கள்.

ஊருக்குத் திரும்பியதும் சேர்த்து வைத்ததையெல்லாம் போட்டு ஒரு தடி வண்டி வாங்கினேன். வெட்டிப் போட்ட ரப்பர் மரத் தடியை நண்டு மாதிரி கவ்வித் தூக்கி லாரியில் ஏற்றுகிற இயந்திரம். தோட்டத்துக்குள் ஓட்டுவது பெரிய விஷயமில்லை, ரோட்டில் இறக்குவதில்தான் வினையே. நம்பர் பிளேட்டுகூட இல்லாமல் விடியற்காலையில் ஒளித்துக் கடத்திவிடுகிறவர்கள் உண்டு. நான் மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். பதிவு பண்ணினேன், விளக்கு மாட்டினேன், லைசன்ஸ் எடுத்தேன், போகிற வழிக்கு அனுமதிக் கடிதமும் வாங்கினேன். ஜங்ஷனில் டீ குடிக்கிறவர்கள் எனக்குச் 'சட்டம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு பொம்பளை தடி வண்டியை ரோட்டில் கொண்டு வந்துவிடுவாளா என்று சிரிப்பு வேறு.

குலசேகரத்துக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் பழைய ரப்பர் மரங்களை வெட்டி ஏற்றுகிற வேலை கிடைத்தது. சூப்பர்வைசர் கறாராகச் சொல்லிவிட்டார், காலை ஒன்பது மணிக்கு வண்டி கேட்டில் நிற்க வேண்டும், வழியில் பிடிபட்டால் வேலை வேறு ஆளுக்கு. ஏற்கெனவே இரண்டு வண்டிகள் காகிதம் இல்லாமல் மாட்டி அவர் நொந்துபோயிருந்தார். இந்த வேலை கைநழுவினால் மகளை விட்டுவிட்டு நான் மறுபடியும் ஷார்ஜாவுக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

அனுமதிக் கடிதத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. ஒடுக்கமான வளைவுகளில் சிவப்புக் கொடியோடு ஒரு ஆள் வண்டிக்கு முன்னால் நடக்க வேண்டும். அதற்குத்தான் தம்பி ஜோஸை அவன் பைக்கோடு கூட்டி வந்தேன். திருவட்டாறு தாண்டியதும் சாரல் பிடித்துக்கொண்டது, கூடவே ஆற்றுப் பக்கமிருந்து பனிமூட்டம். அவனுக்கு இறங்கி நடக்க மனசே இல்லை.

"யக்கா, நா பைக்குல ஹாரன் அடிச்சிட்டே முன்னால போறேன், போராதா?"

"நடக்கணும்னு எழுதியிருக்குலே."

"இந்த மழையில எவன் வந்து பாக்கப் போறான்? நீ பேசாம வா."

மணி எட்டேகால். வாதாட நேரமில்லை, சரி போ என்றேன். அன்று நான் விட்டுக்கொடுத்த ஒரே விதி அதுதான்.

இரண்டு நிமிஷத்தில் பைக் கண்ணில் படவில்லை. பெரிய வளைவுக்குப் பக்கத்தில் வந்தபோது, பனிக்குள் மஞ்சள் மழைக்கோட்டுப் போட்ட ஒரு ஆள் கொடியோடு எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தார். பரவாயில்லையே, ஜோஸ் பயலுக்கு உறைத்துவிட்டது, யாரிடமோ மழைக்கோட்டு வாங்கிப் போட்டு இறங்கி நடக்கிறான் என்று சந்தோஷப்பட்டு, நடை வேகத்தில் பின்னாலேயே போனேன். வளைவு தொடங்குகிற இடத்தில் ஆள் சட்டென்று திரும்பி, மழைத்தொப்பிக்குள் முகம் தெரியாமல், கொடியைக் குறுக்கே பிடித்து, மற்றக் கையால் என் வண்டியின் தூக்குக் கையைக் காட்டினார். பிரேக்கை மிதித்து இறங்கிப் பார்த்தேன். அந்தக் கை பக்கவாட்டில் திரும்பாமல் இருக்க ஒரு லாக் பின் போடுவோம். காலையில் நானே போட்டு, நோட்டில் டிக்கும் அடித்தது. அது கழன்று சங்கிலியில் தொங்குகிறது, கை எதிர்ப்பக்கத்து ரோட்டுக்கு மேல் முக்கால்வாசி நீண்டு நிற்கிறது.

ஏறி, கையைத் திருப்பிக் கொண்டுவந்து, இறங்கி, கிரீஸும் மழையுமாக வழுக்குகிற பின்னை உள்ளே தள்ளினேன். தள்ளி முடிக்கவும் வளைவுக்குள்ளிருந்து ஒரு ஸ்கூல் பஸ் வரவும் சரியாக இருந்தது. ஜன்னலில் இரண்டு பிள்ளைகள் எனக்குக் கை காட்டிக்கொண்டே போனார்கள். நிமிர்ந்து பார்த்தால் கொடிக்காரர் பனிக்குள் முன்னால் போய்விட்டிருந்தார்.

அடுத்த ஜங்ஷனில் வாகனச் சோதனை. மூன்று வண்டிகள் ஏற்கெனவே ஓரமாக முழித்துக்கொண்டு நின்றன. அதிகாரி காகிதங்களை ஒவ்வொன்றாகக் கேட்டார், நான் ஒவ்வொன்றாக நீட்டினேன். விளக்கைப் போடச் சொன்னார், எரிந்தது. லாக் பின்னைப் பிடித்து ஆட்டினார், அசையவில்லை. சுற்றி நின்ற டிரைவர்மார் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள்.

"இந்த ரோட்டுல இவ்வளவு ஒழுங்கா ஒரு தடி வண்டிய நா பாத்தது இல்லம்மா," என்றார். "எல்லாரும் ஆளை பைக்குல ஏத்தி விட்டுட்டு நடந்தான்னு சொல்லுவாவ. நீங்க நெசமாவே நடக்க விட்டிருக்கிய. உங்க ஆளும் இந்தச் சீட்டுல ஒப்பு வச்சிட்டு முன்னால போயாச்சு."

சோதனைச் சீட்டைக் கையில் கொடுத்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, உள்ளதைச் சொல்கிறேன். எட்டு ஐம்பதுக்கு எஸ்டேட் கேட்டில் ஹாரன் அடித்தேன். சூப்பர்வைசர் சீட்டைப் பார்த்துவிட்டு, இந்த சீசன் முழுக்க வேலை உங்களுக்குத்தான் என்று அங்கேயே சொன்னார். மகளுக்குப் போன் போட்டு, அம்மா எங்கேயும் போகவில்லை என்று கத்தினேன்.

ஜோஸ் கேட்டுக்குப் பக்கத்துக் கடையில் பழம்பொரி தின்றுகொண்டிருந்தான். முதுகில் ஒரு அடி போட்டு, "நல்ல வேளை நடந்தலே," என்றேன்.

"யாரு நடந்தா? நா வந்து அரை மணிக்கூர் ஆச்சுக்கா. சூப்பர்வைசர்கிட்ட கேளு."

கேட்டேன். ஆமாம் என்று அவர் தலையாட்டினார். ஜோஸின் மழைக்கோட்டு நீலம். கொடி பைக் பெட்டிக்குள் மடித்தபடி அப்படியே இருந்தது.

அப்போதுதான் சீட்டை விரித்துப் பார்த்தேன். 'கொடியுடன் முன்னால் நடந்தவர்' என்ற கட்டத்தில் கையெழுத்து இல்லை, கறுப்புக் கிரீஸில் ஒரு பெருவிரல் ரேகை. என் விரலிலும் அதே கிரீஸ்தான் இருந்தது. வைத்துப் பார்த்தேன், என் விரலைப்போல் ஒன்றரை மடங்கு.

அந்தச் சீட்டு இன்றைக்கும் என் கேபினில்தான் இருக்கிறது. சட்டம் என்று சிரித்தவர்கள் எல்லோருக்கும் பெருமையாக எடுத்துக் காட்டுகிறேன், அந்தக் கட்டத்தை மட்டும் விரலால் மறைத்துக்கொண்டு. ஒரு வருஷம் ஆகிவிட்டது. மறைக்கிற ஒவ்வொரு தடவையும் என் விரலில் கிரீஸ் ஒட்டுகிறது.