எட்டு மூலை வண்டி

எட்டு மூலை முத்திரை போட்ட அந்தக் கம்பெனி வண்டியை எங்கே கண்டாலும் நான் நின்றுவிடுவேன். போன மாதம் ஜோகூர் பாருவில் ஒரு சிக்னலில் எங்களுக்குப் பக்கத்தில் ஒன்று வந்து நின்றது. பழசு, ஜப்பான் சண்டைக்கு முந்திச் செய்தது. பச்சை விழுந்ததும் மகன் கிளம்பப் பார்த்தான். "காடிய நிறுத்துடா!" என்று நான் போட்ட சத்தத்தில் அவன் நிறுத்தியே விட்டான். பின்னால் இருந்தவர்கள் எல்லாம் ஹாரன் அடித்தார்கள். "அலமாக், உங்க வயசுக்கு கோயில் கொளம்னு ஆசைப்படக் கூடாதாம்மா?" என்று தலையில் அடித்துக்கொண்டான். அடித்துக்கொள்ளட்டும். கோயில் எங்கேயும் ஓடிப்போகாது.

இப்போது வருகிற வேக வண்டிகள் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு உறுமுகின்றன. எனக்கு அவற்றைப் பார்த்தால் ஒன்றுமே தோன்றுவதில்லை. வண்டி என்றால் நீண்ட மூக்கு வேண்டும். கம்பி ஆரம் வைத்த சக்கரம் வேண்டும். முன்கண்ணாடியை மடக்கிப் படுக்க வைத்துவிட்டு, காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு போக வேண்டும். உட்கார இரண்டே இரண்டு பேருக்கு இடம், மூன்றாவது ஆள் நடந்து வரலாம். உள்ளே முள் ஓடுகிற வட்டங்களைச் சுற்றிக்கூட எட்டு மூலைச் சட்டம் போட்டிருப்பார்கள். இப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்தவன் சாதாரண மனுஷனாக இருக்க முடியாது என்று ஏழு வயதில் முடிவு கட்டினேன். அந்த முடிவை இன்றுவரை மாற்றிக்கொள்ள ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

அந்த ஏழு வயதில் நாங்கள் கோத்தா திங்கிக்கு உள்ளே தள்ளி ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அப்பா தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்கு டிரைவர். ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் துரை பெரிய காரில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு சிங்கப்பூருக்கு ஓடினார். சிவப்பு நிறத்தில் இருந்த இந்தச் சின்ன வண்டியின் சாவியை அப்பாவின் கையில் வைத்து, திரும்பி வரும்வரை பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான். அப்பா அதைச் சாமி வாக்காக எடுத்துக்கொண்டார்.

கார், லாரி வைத்திருப்பவர்கள் எல்லாம் ஒப்படைக்க வேண்டும், ஒளித்தால் தலை இருக்காது என்று ஜப்பான்காரன் உத்தரவு போட்டான். அப்பா வண்டியை மேட்டிலிருந்த பழைய ரப்பர் ஸ்டோருக்குள் தள்ளி, சாக்குகளால் மூடிவிட்டார். "தொரையே உசுரக் கையில புடிச்சிக்கிட்டு ஓடிட்டாரு. இவரு அவரு காடியக் கட்டிக்கிட்டு சாவுறாரு. தலைய எடுத்துருவாங்க, தெரியுதா?" என்று அம்மா அடிக்குரலில் தினமும் ஒரு பாட்டு விடுவார். அம்மா என் தோலை உரிக்கப் போவதாகவும் தினமும்தான் சொல்வார். தோல் பத்திரமாக என்னிடமே இருந்தது. அதனால் தலை விஷயத்தையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

புல் அறுக்கப் போவதாகச் சொல்லி அப்பா வாரம் ஒருமுறை ஸ்டோருக்குப் போவார். நானும் போவேன். சாக்கை விலக்கியதும் அந்தச் சிவப்பு வெளியே வரும் பாருங்கள், எனக்கு மூச்சே நின்றுவிடும். கட்டிக்கொள்ளக் கிழிசல், சாப்பிட மரவள்ளிக் கிழங்கு, எங்கே பார்த்தாலும் சிரங்கு என்றிருந்த காலம் அது. அதற்கு நடுவில் இப்படி ஒன்று உலகத்தில் இருக்கிறது, அது எங்களிடம் இருக்கிறது! அப்பா இரும்புகளுக்குத் தேங்காயெண்ணெய் தடவுவார். முத்திரையைத் துடைக்கிற வேலை எனக்கு. எட்டு மூலையையும் விரலால் எண்ணிக்கொண்டே துடைப்பேன்.

ஆயுத பூஜை வந்தது. துரை இருந்த காலத்தில் அன்றைக்கு இரண்டு கார்களுக்கும் அப்பா பொட்டு வைத்து, பூப்போட்டு, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்குவார். அந்த வருஷம் அப்பா பூஜைப் பேச்சையே எடுக்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. எல்லார் வீட்டு அரிவாளுக்கும் பால்வெட்டுக் கத்திக்கும் பொட்டு உண்டாம், என் வண்டிக்கு மட்டும் கிடையாதாம்!

காலையில் அம்மாவின் குங்குமச் சிமிழையும் ஒரு துண்டு மஞ்சளையும் எடுத்துக்கொண்டேன். வேலியோரச் செம்பருத்தியைப் பறித்துக் கோத்தேன். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வீட்டுச் செடியில் நான்கு எலுமிச்சை திருடினேன். மேட்டுக்குப் போய், வெளிச்சம் வேண்டும் என்று ஸ்டோரின் கதவு இரண்டையும் விரியத் திறந்துவிட்டேன். முத்திரைக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்து, மாலையும் போட்டேன். மூன்று சக்கரத்துக்குப் பழம் வைத்தாயிற்று. நான்காவது சக்கரத்தின் முன்னால் அப்பா ஒரு கல்லை முட்டுக் கொடுத்திருந்தார். கல் இருக்கிற இடத்தில் பழத்தை எப்படி வைப்பது? கல்லை உருட்டிவிட்டுப் பழத்தை வைத்தேன்.

கல்லை எடுத்துவிட்டோமே, வண்டி உருண்டுவிட்டால் என்ன செய்வது என்கிற பொறுப்பும் எனக்கு இருந்தது. ஏறி உட்கார்ந்து கைப்பிரேக்கை இன்னும் கொஞ்சம் இறுக்கி இழுத்துவிட்டேன். இங்கேதான் அந்தக் கம்பெனியின் மேதைமையைச் சொல்ல வேண்டும். மற்ற வண்டிகளில் கைப்பிரேக்கை இழுத்தால் பிடிக்கும். பந்தயத்தில் சட்டென்று கிளம்ப வேண்டும் என்று, இதில் பூட்டியிருப்பதை மறுபடி இழுத்தால் விடுபடுகிற மாதிரி செய்திருந்தார்கள். எவ்வளவு பெரிய மூளை!

நான்கு பழமும் நச்சென்று நசுங்கின. வண்டி வெயிலுக்குள் வந்தது.

எஞ்சின் ஓடவில்லை, அதனால் சத்தமே இல்லை. இரண்டு பக்கமும் மண்மேடு வைத்த நேரான இறக்கத்தில் வண்டி தானாகவே வழி பார்த்துக்கொண்டு போனது. பால்மரங்கள் பின்னால் ஓடின. மாலை படபடத்தது. நான் ஸ்டீயரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆவென்று வாயைத் திறந்திருந்தேன். பயமா? அதெல்லாம் இல்லை. இத்தனை வருஷ வாழ்க்கையில் அதைப் போல ஒரு நிமிஷம் எனக்குத் திரும்ப வாய்க்கவில்லை. லயத்து வீடுகளின் வாசலில் நின்றவர்கள் "ஐயையோ, டிரைவர் மவ!" என்று அலறினார்கள். அம்மா கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். அவருக்கும் முன்னால் அப்பா ஓடிவந்துகொண்டிருந்தார்.

தோட்டத்து ஆபீசுக்கு முன்னால் பாதை கொஞ்சம் ஏறும். அங்கே வேகம் தணிந்து, வண்டி அழகாக நின்றது. கிழங்குச் சாகுபடியைப் பார்க்க அன்றைக்கென்று லாரியில் வந்திருந்த ஜப்பான் அதிகாரிக்கு நேர் முன்னால் நின்றது.

அவர் என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். கை இடுப்பு வாளின் பிடிக்குப் போனது. கிராணி சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

அப்பா வந்து சேர்ந்தார். மூச்சு வாங்கவில்லை, அடக்கிக்கொண்டிருந்தார். இடுப்பு வரை வளைந்து கும்பிட்டார். நிமிர்ந்தபோது வாய் நிறையச் சிரிப்பு. "துவான், இனி துவான் புஞ்ஞா" என்றார். ஐயா, இது உங்களுடையது என்று மலாயில் சொல்கிறார்! காட்டுக்குள் கிடந்ததை நேற்றுத்தான் கண்டெடுத்தாராம். இன்று எங்களுக்கு ஆயுதங்களைக் கும்பிடுகிற நாளாம். அதனால் முறைப்படி பூஜை போட்டு, மாலை சாத்தி, பெற்ற மகளையே உட்கார வைத்துக் காணிக்கையாக அனுப்பினாராம்.

அதிகாரி குனிந்து முத்திரையைப் பார்த்தார். மஞ்சள் இன்னும் காயவில்லை. பொட்டை ஒரு விரலால் தொட்டார். சக்கரத்தில் ஒட்டியிருந்த எலுமிச்சைத் தோலைக் காட்டி என்னவென்று கேட்டார். அப்பா விளக்கினார்.

"எங்க காடிப்பா! குடுக்காதீங்கப்பா!" என்று நான் வீறிட்டேன். என்ன சொல்கிறாள் என்று அதிகாரி திரும்பினார். துவானைப் பார்த்த சந்தோஷத்தில் அழுகிறாள் என்றார் அப்பா, அதே சிரிப்போடு. பெற்ற அப்பாவை ஒரு பிள்ளை வெறுக்க முடியுமானால் அந்தச் சிரிப்புக்காக நான் வெறுத்தேன்.

"பாகுஸ்", நல்லது என்று மலாயிலேயே சொல்லி அதிகாரி தலையாட்டினார். வாளிலிருந்து கை இறங்கியது. அப்பா என்னைத் தூக்கி அம்மாவிடம் கொடுத்துவிட்டு, தோளில் கிடந்த துண்டைத் துரை உட்காருகிற சீட்டில் விரித்தார். லாரியிலிருந்து பெட்ரோல் வந்தது. அப்பா முன்னால் போய்க் கம்பியைச் செருகிச் சுற்றினார். மூன்றாவது சுற்றில் அது எழுந்தது. அம்மாடி, அந்தச் சத்தம்! அழுகையை மறந்துவிட்டேன். தரை அதிர, சிவப்பு மூக்கில் செம்பருத்தி ஆட, ஏறி ஓட்டிய ஜப்பான்காரனோடு அது யோசிக்காமல் போய்விட்டது.

லாரியும் போனபிறகு அப்பா ஆபீஸ் படியில் உட்கார்ந்தார். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். வாங்கவில்லை. கையைப் பின்னால் கொண்டுபோய்க் கழுத்தைத் தடவினார். மறுபடி தடவினார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், திரும்பவும் நடுவில். எனக்கு எரிச்சலாக வந்தது. வண்டியைத்தான் தூக்கிக் கொடுத்தார், துண்டைக் கொடுத்ததுகூடவா மறந்துபோகும்?

"துண்டும் காடியோட போயிருச்சு. அங்க என்னாத்த தேடுறீங்க?" என்று கத்தினேன்.

அம்மா என் வாயைப் பொத்தினார். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கையைக் கழுத்திலிருந்து எடுக்கவே இல்லை.