மாப்பிள்ளைக் காரில் எண்ணெய் ஒழுகியது

எழுபதுகளின் முற்பகுதியில் நான் பதுளைக் கடைவீதியில் வாடகைக் கார் ஓட்டி வாழ்ந்துவந்தேன். அக்காலத்தில் என் மனைவியின் தம்பிக்கு ஹல்துமுல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பெண் நிச்சயமாயிற்று. பெண்ணின் தாய்மாமன் அத்தோட்டத்தின் தலைமைக் கங்காணி. பரிசம் போட்ட அன்று அவர் மீசையை ஒதுக்கிக்கொண்டு, "டவுன் மாப்பிள்ளைங்கிறீங்க. கல்யாணத்துக்கு பஸ்ஸுலதான் தொங்கிக்கிட்டு வருவீங்களோ?" என்று சபை நடுவே கேட்டுவிட்டார்.

என் மைத்துனன் சற்றும் யோசிக்கவில்லை. "கார்லதான் வருவேன் மாமா. பெரட்டுக் களத்துலயே வந்து எறங்குவேன். தோட்டமே பாக்கட்டும்" என்றான். காலையில் தொழிலாளர்கள் வேலைக்கு வரிசை நிற்கும் திடலைத்தான் தோட்டத்தில் பெரட்டுக் களம் என்பார்கள்.

அவன் சொன்ன கார் என்னுடையதே. அதில் எனக்கும் பெருமைதான். ஆனால் திருமணத்துக்கு முந்திய நாள் நண்பகலில் காரை எடுத்தபோது, அது நின்ற இடத்தில் தோசைக்கல் அகலத்துக்குக் கரிய எண்ணெய் தேங்கியிருந்தது. குனிந்து பார்த்தேன். பின் அச்சின் நடுவே பூசணிக்காய்போலப் புடைத்திருக்கும் பற்சக்கரப் பெட்டியை நாங்கள் டிபரன்சல் என்போம். அதன் பின்மூடியின் விளிம்பிலிருந்து எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த எண்ணெய் வற்றினால் உள்ளிருக்கும் பற்சக்கரங்கள் ஒன்றையொன்று தின்றுவிடும். கார் மலைப்பாதையின் நடுவே நின்றுவிடும். முகூர்த்த நாளாகையால் ஊரிலிருந்த மற்ற வாடகைக் கார்களை வேறு வேறு கல்யாண வீட்டார் பேசிவிட்டிருந்தனர். முதல் பஸ்ஸில் புறப்பட்டாலோ தாலி கட்டும் நேரத்துக்குப் போய்ச் சேர இயலாது.

நான் காரை நிறுத்தி வைப்பது ஓர் இரும்புக்கடையின் பின்முற்றத்தில். கடை முதலாளி ஒரு முஸ்லிம்; அவரை நாங்கள் அண்ணன் என்ற பொருளில் நானா என்று அழைப்போம். அவர் வந்து எண்ணெயைப் பார்த்து, மைத்துனனையும் பார்த்தார்.

"வெலிமடையில இருந்து லீக்ஸ் ஏத்தின மரக்கறி லொறி ஒண்டு வரும் மாப்புள. சொல்லி வெக்கவா? மாலையோட நிண்டுகிட்டே போகலாம்."

"நானா, வயித்தெரிச்சலைக் கிளப்பாதீங்க. கங்காணி மாமா சிரிச்சே என்னைக் கொன்னுடுவாரு" என்றான் அவன்.

அன்று காலையில்தான் அவனுக்கு நலங்கு வைத்திருந்தார்கள். முகத்திலும் கழுத்திலும் மஞ்சள் காயவில்லை. எனினும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என்னுடன் காருக்கு அடியில் நுழைந்துவிட்டான். போல்ட்டுகளைத் தளர்த்தி, எஞ்சிய எண்ணெயை ஒரு பிஸ்கட் தகரத்தில் பிடித்தோம். வெளிநாட்டுச் சாமான்கள் வராத காலம் அது. புதிய கியர் எண்ணெய் கிடைப்பது அரிது. ஆதலால் அதையே துணியில் வடிகட்டி வைத்தோம். மூடியைக் கழற்றியபோது, எண்ணெய் கசியாதிருக்க இடையில் வைத்திருந்த பெக்கிங் அட்டை நைந்து துண்டு துண்டாகப் பிய்ந்து வந்தது.

புதிய பெக்கிங்குக்கு ஏற்ற தாள் நானாவின் கடையிலும் இல்லை. என் மைத்துனன் வீட்டுக்கு ஓடினான். சிறிது நேரத்தில் ஒரு வழவழப்பான அட்டையுடன் திரும்பினான். அது அவனுடைய கல்யாணச் சட்டையின் மடிப்பு கலையாமல் இருக்க உள்ளே வைத்திருந்த அட்டை.

"சட்டை நாளைக்கு எப்படியும் கசங்கத்தான் போகுது மச்சான். வெட்டுங்க" என்றான்.

அட்டையை மூடியின்மேல் வைத்து, விளிம்பைச் சுற்றிச் சுத்தியலால் மெல்லத் தட்டத் தட்ட, மூடியின் வடிவம் அப்படியே வெட்டுப்பட்டு வந்தது. இருபுறமும் கிரீஸ் தடவி, மூடியைப் பொருத்தி, எதிரெதிர்ப் போல்ட்டுகளாகப் பார்த்து முறுக்கினோம். எண்ணெயை ஊற்றி அடுத்த ஊரான ஹாலிஎல வரை ஓட்டிப் பார்த்துத் திரும்பினோம். வழியெல்லாம் அவன் பாடிக்கொண்டே வந்தான்.

முற்றத்தில் இறங்கிக் குனிந்தால், புதிய பெக்கிங்கையும் மீறி எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது.

அவன் முகம் வாடிவிட்டது. அந்த வேளை பார்த்து, மாப்பிள்ளையைத் தேடிக்கொண்டு என் மனைவியும் வந்து சேர்ந்தாள்.

"அடப்பாவி! நலங்கு வச்ச ஒடம்போட காருக்கு அடியில படுத்திருக்கியா? வாசப்படி தாண்டக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா? என்னங்க, நீங்களும் கூடச் சேர்ந்துக்கிட்டீங்களா?"

"அக்கா, கார் ஓடலைன்னா கல்யாணமே ஓடாது. நீ கொஞ்சம் தள்ளி நில்லு."

நான் மறுபடியும் காருக்கு அடியில் புகுந்தேன். எவ்வளவு எண்ணெய் மிஞ்சியிருக்கிறது என்று அறிய, எண்ணெய் ஊற்றும் துளையின் திருகைத் தளர்த்தினேன். உள்ளிருந்து 'புஸ்ஸ்' என்று காற்று சீறியது.

நானா காதைத் தீட்டிக்கொண்டார். மண்ணெண்ணெய் அடுப்பும் காற்றடிக்கும் விளக்கும் விற்பவர் அவர். "இதென்ன, அடுப்புக்குப் பம்ப் அடிச்ச மாதிரி? உள்ளுக்குக் காத்து அடச்சிக்கிட்டு ஈக்குதே!"

அப்போதுதான் எனக்கும் புலப்பட்டது. ஓட்டத்தில் பெட்டி சூடாகும். சூடான காற்று வெளியேற அச்சின் மேற்புறத்தில் குமிழ் போன்றதொரு சிறு மூச்சுக்குழாய் உண்டு. அது அடைபட்டால் உள்ளே திணறும் காற்று எண்ணெயைத்தான் வெளியே தள்ளும். எந்தப் பெக்கிங்கும் அதன் முன் நில்லாது. விரலை விட்டுத் தடவினேன். குமிழின்மேல் கல்லைப்போல் இறுகிய ஏதோ அப்பியிருந்தது. சுரண்டி எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். சந்தனம்! அதன் நடுவே அழகாக ஒரு குங்குமப் பொட்டு.

சில வாரங்களுக்கு முன் ஆயுத பூசை. காரைக் கழுவிச் சந்தனம் வைக்கும் பொறுப்பை மைத்துனன் ஏற்றிருந்தான். கல்யாணக் கார் என்ற பக்தியில் விளக்கு, சக்கரம், கண்ணாடி என்று எதையும் விடாமல் வைத்து, அடியிலும் புகுந்திருக்கிறான்.

"மாப்ள, அங்க எதுக்குப் பொட்டு வச்ச?"

அவன் தலையைச் சொறிந்தான். "தலை மாதிரி ஒன்னு துருத்திக்கிட்டு இருந்துச்சு மச்சான். தலைன்னு இருந்தா பொட்டு வைக்காம எப்படி விடுறது?"

நானா ஆணி மூட்டையின்மேல் உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தார். சிரிப்பை அடக்க முயன்று தோற்ற என் மனைவி, கொண்டை ஊசியை உருவிக் கொடுத்தாள். குழாயைக் குத்திச் சுத்தம் செய்தேன். வழிந்த எண்ணெயைத் துடைத்துவிட்டு மறுபடியும் ஹாலிஎல சென்று திரும்பினோம். மூடி உலர்ந்திருந்தது. மைத்துனன் அதை விரலால் தடவி, விரலை ஒவ்வொருவர் முகத்துக்கு நேராகவும் நீட்டிக் காட்டினான்.

மறுநாள் விடியலில் புறப்பட்டு, பண்டாரவளை, ஹப்புத்தளை வழியாகப் பனிமூட்டத்தில் ஏறி இறங்கி, பெரட்டுக் களத்தின் நடுவில் மேளச் சத்தத்தோடு போய் நின்றோம். தலைமைக் கங்காணி காரை ஒருமுறை சுற்றிவந்தார்.

"கார் என்னமோ நல்லாத்தான் இருக்கு. மாப்பிள்ளைக்குத்தான் நகமெல்லாம் கருப்பா இருக்கு" என்றார்.

"கார்ல வர்றதுன்னா சும்மாவா மாமா?" என்று இவன் மார்பை நிமிர்த்தினான். நல்ல நேரத்தில் தாலி ஏறியது.

மாலையில் மணமக்களை ஏற்றிக்கொண்டு திரும்பினோம். ஹப்புத்தளை ஏற்றம் முடிந்ததும் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினான் மைத்துனன். பட்டு வேட்டியோடு குனிந்து அடியைப் பார்த்துவிட்டு வந்தான். பண்டாரவளையில் மறுபடியும் இறங்கினான். அதுவரை தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்த மணப்பெண், அவன் வந்து அமர்ந்ததும் மெல்லிய குரலில் கேட்டாள்.

"எறங்கி எறங்கிப் பாக்குறீங்களே, அடியில என்னங்க இருக்கு?"

"ஒரு சொட்டுகூட இல்ல!" என்றான் அவன்.

அதில் மகிழ என்ன இருக்கிறது என்று அந்தப் பெண்ணுக்கு விளங்கவில்லை. அவனோ ஹாலிஎல வரும்வரை கைகளை வீசி வீசி விளக்கிக்கொண்டிருந்தான்.